களியைப் பற்றி ஒரு கவிதை: எல்லாரும் "அருமை" என்கிறார்கள், ஒரு வரியும் நிற்கவில்லை

பாலக்கோடு_மலர்:

வணக்கம். சின்ன வயதுச் சாப்பாட்டைக் கவிதையாக்க முயல்கிறேன். எடுத்துக்கொண்டது ராகிக் களி. வரைவு இது:

அம்மாவின் கைமணம்
அன்பில் குழைத்த களி
அமுதம் போல் இனிக்கும்
மண்பானையில் மணக்கும்
கருவாட்டுக் குழம்பு
தேனாய்ப் பாயும் நாவிலே
அந்த நாட்கள் வாராதோ
அந்தச் சுவை கிடைக்காதோ
பீட்சா பர்கர் காலத்தில்
என் பசி இன்னும் அடங்கவில்லை

படித்தவர்கள் எல்லாரும் "அருமை" என்கிறார்கள். ஆனால் ஒருவராலும் ஒரு வரியைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. எங்கே தட்டுகிறது? வெண்பாவில் எழுதினால் நிற்குமா, புதுக்கவிதையே போதுமா? நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பேச்சை எவ்வளவு கலக்கலாம்? களியோடு பிதுக்கம்பருப்பு, மாங்காய், புளியங்கொட்டை என்று எல்லாவற்றையும் ஒரே கவிதையில் கொண்டுவர ஆசை. 24 வரிக்குள் அடங்க வேண்டும். தயவுசெய்து பாராட்டாமல் திருத்துங்கள்.

---

தென்பெண்ணைக்கரை:

மலர், "களி" என்ற இடத்தில் "இட்லி" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். "அன்பில் குழைத்த இட்லி, அமுதம் போல் இனிக்கும்." வரி கொஞ்சமும் அசையவில்லை. கேசரி போட்டாலும் அப்படியே நிற்கும். எந்தச் சாப்பாட்டுக்கும் பொருந்தும் வரி எந்தச் சாப்பாட்டையும் கண்முன் கொண்டுவராது. கைமணம், அமுதம், தேன், அன்பு நான்கும் அந்த வகைதான். யாருக்கும் நினைவில் நிற்காததற்குக் காரணம் இதுவே. ஏற்கெனவே பல இடங்களில் படித்த சொற்கள் என்பதால் கண் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை "இனிக்கும்". களி இனிக்காது. அதற்குத் தனிச் சுவை மிகக் குறைவு, கேழ்வரகின் லேசான மண்வாசம் மட்டும்தான். அதனால்தான் தொட்டுக்கொள்ளக் காரமும் புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்கிற கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ வேண்டியிருக்கிறது. களியை மெல்லுவதும் இல்லை. கிள்ளி, விரலில் உருட்டி, குழம்பில் புரட்டி விழுங்குவது. ஆக, களியின் நினைவு நாக்கில் இருப்பதைவிட விரல் நுனியிலும் தொண்டையிலும்தான் அதிகம். சூட்டோடு உருட்டும்போது விரல் சுடும், விழுங்கும்போது நெஞ்சுவரை சூடு இறங்குவது தெரியும். சிறு பிள்ளைக்குப் பெரிதாகக் கிள்ளிவிட்டால் தொண்டையில் அடைத்துத் தண்ணீர் கேட்கும். இவற்றில் ஒன்றை எழுதினால் போதும், களி தின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போதைக்குக் கவிதையை ஓரமாக வையுங்கள். களி கிண்டுவதை உரைநடையில், ஒரு வாக்கியத்துக்கு ஒரே வினைச்சொல் என்று எழுதுங்கள். உவமை வேண்டாம், "அன்பு" வேண்டாம். செய்முறை தெரிந்திருக்கும், ஆனாலும் வரிசை தவறாமல் இருக்க இங்கே போடுகிறேன்.

1 பங்கு ராகி மாவுக்குக் கால் பங்கு அரிசி நொய், இரண்டரை முதல் 3 பங்கு தண்ணீர். நொய்யை ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் உப்போடு போட்டுக் குழைய வேகவிடுவார்கள். அதன்மேல் மாவைக் குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிண்ட மாட்டார்கள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி போட்டு, ஆவி மேலே வர வழிவிட்டு, தீயைத் தணித்து மூடிவைப்பார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துத்தான் கிண்டுவது. அவசரப்பட்டு முன்னாலேயே கிண்டினால் கட்டி விழும். சுடுநீர் பட்ட மேல்மாவு சட்டென்று வெந்து இறுகி உறையாகிவிடுகிறது, உள்ளே தண்ணீர் புகாமல் மாவு காய்ந்தபடியே நிற்கிறது. உருண்டையைப் பிட்டால் நடுவில் வெளுப்பாகப் பச்சை மாவு தெரியும். பெரிய பானையாக இருந்தால் இறக்கித் தரையில் வைத்து, ஆடாமல் இருக்கக் கட்டை கொடுத்து அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றுவார்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பிறகு கையை நனைத்து, நனைத்த தட்டில் உருட்டுவது.

இதில் ஏறக்குறைய இருபது வினைகள் இருக்கின்றன. ஐந்தை மட்டும் எடுங்கள். எந்த ஐந்து? களிக்கே உரியவை எவையோ அவை. கொதிப்பது, மூடுவது எல்லாச் சமையலிலும் உண்டு. மாவைக் கொட்டிவிட்டுக் கிண்டாமல் காத்திருப்பது களிக்கு மட்டும்தான். பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம்! உங்கள் கவிதை அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

"அந்த நாட்கள் வாராதோ", "அந்தச் சுவை கிடைக்காதோ" இரண்டையும் எடுத்துவிடுங்கள். படிப்பவருக்கு வர வேண்டிய ஏக்கத்தை எழுதியவரே பட்டுத் தீர்த்துவிட்டால் அவருக்கு வேலை இல்லை. பீட்சா பர்கர் வரியும் வேண்டாம். அது வந்த உடனே கவிதை நின்று பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது.

---

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:

எல்லாவற்றையும் ஒரே கவிதையில் சேர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். சேர்க்காதீர்கள். இடம் போதாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், பருவம் இடிக்கும்.

பிதுக்கம்பருப்புக்கு மொச்சை வருவது மார்கழி, தை. புளி உலுக்குவது மாசி, பங்குனி. மாம்பழம் சித்திரையில் தொடங்கி ஆனி, ஆடி வரை. ஒரே திண்ணையில் ஒரே மாலையில் மூன்றையும் வைத்தால் நம் மாவட்டத்துக்காரர் யாரும் நம்ப மாட்டார்கள். நினைவு என்பது பல வருடத்து மாலைகளை ஒன்றாக அடுக்கி வைத்துக்கொள்ளும். எழுதும்போது அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு கவிதைக்கு ஒரு மாதம், ஒரு பாத்திரம், ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

மாம்பழத்தை எழுதினால் ரகத்தைச் சொல்லுங்கள். வெறும் "மாங்கனி" என்று எழுதினால் அது சேலத்திலும் பழுக்கும், சேதுவிலும் பழுக்கும். செந்தூரா முன்னால் வரும். நீலம் கடைசியில் வரும். பெங்களூரா, தோதாபுரி, கிளிமூக்கு மூன்றும் ஒரே காய். அடி வளைந்து மூக்குப் போல இருக்கும், பழமாவதற்கு முன்பே கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்பதற்கு ஏற்றது. கூழ் ஆலைகளுக்கு அதிகம் போவதும் அதுதான். வாயில் சாறு ஒழுக மல்கோவா தின்பது ஒரு வீட்டின் நினைவு, உப்பு தொட்டுக் கிளிமூக்கு கடிப்பது இன்னொரு வீட்டின் நினைவு. ரகத்தின் பெயரே அந்த வீட்டைச் சொல்லிவிடும். ரகங்களில் சந்தேகம் இருந்தால், கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் பெயரெழுதி வரிசையாக வைத்திருப்பார்கள், ஒருமுறை நின்று பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

மாங்காய்க் கவிதைகளில் பெரும்பாலும் யாரும் எழுதாத ஒன்று, காம்பில் வழியும் பால். பறித்த உடனே கடித்தால் உதட்டோரம் பொத்துப்போகும். திருடித் தின்றவன் யாரென்று மறுநாள் வாய் காட்டிக்கொடுத்துவிடும். இனிப்பைப் பற்றிப் பத்து வரி எழுதுவதைவிட இந்தப் புண்ணைப் பற்றி ஒரு வரி எழுதினால் மாந்தோப்பு முழுவதும் வந்துவிடும்.

புளிக்கும் இதுவே. "புளியம்பழம் புளிக்கும்" என்று சொல்ல ஆள் தேவையில்லை. ஓடு உடைப்பது, நார் உருவுவது, கொட்டை நீக்குவது என்று ஒரு மாதம் வீட்டுத் திண்ணையெல்லாம் நடக்கிற வேலை அது. பெண்களின் விரலிடுக்கில் பிசுக்கு போகாது. பிள்ளைகளுக்கு ஓடு கழன்றும் காய்ப்பு மாறாத செங்காய்தான் பரிசு. கொட்டையை வறுத்தால் தோல் கழன்றுவிடும், உள்ளே கல் மாதிரி இருக்கும், கடவாயில் ஒதுக்கி ஊறவைத்துத்தான் மெல்ல முடியும். ஒரு கொட்டை கரைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்து ஒரு பள்ளிக்கூட வழியையே எழுதலாம். தனிக் கவிதையாக.

பிதுக்கம்பருப்பு எழுதுகிறவர்கள் செய்யும் தவறு, குழம்பிலிருந்து தொடங்குவது. குழம்பு கடைசி. அதற்கு முன்னால் மொச்சையை உரித்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்த வேண்டும். சரியாக ஊறியிருந்தால் பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும், தோல் விரலில் தங்கும். ஊறவில்லை என்றால் பருப்பு உடைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். நகம் வைத்து அழுத்தினாலும் உடையும். வீட்டில் இருக்கிற அத்தனை கையும் வேண்டும், அதனால் ஊர்க்கதை முழுவதும் அப்போதுதான் பேசப்படும். வேலை கையில், பேச்சு வாயில். கவிதைக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. ஒரு வரி விரல், ஒரு வரி பேச்சு என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்:

ஊறிய மொச்சை, ஒரு அழுத்து.
"மேலத்தெருவில் பெண் பார்த்துவிட்டுப் போனார்களாம்."
தோல் இந்தப் பக்கம், பருப்பு அந்தப் பக்கம்.
"பிள்ளைக்கு என்ன வேலையாம்?"
ஒன்று தெறித்து அடுப்படிக்கு ஓடியது.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சுவை என்ற சொல்லே இல்லை, குழம்பும் இன்னும் அடுப்பேறவில்லை.

---

அரூர்_வாசகர்:

மரபா, புதுக்கவிதையா என்ற கேள்விக்கு வருகிறேன்.

வெண்பாவில் களியை வைக்க முடியும், ஆனால் முதல் சொல்லிலேயே ஒரு தடை. "கேழ்வரகுக்" என்பது நேர் நிரை நேர் என்ற அசைகள் சேர்ந்த சீர், அதன் வாய்பாடு கூவிளங்காய். காய்ச்சீருக்குப் பின் வெண்பாவில் நேரசைதான் வர வேண்டும். "களி" நிரையசை. ஆக "கேழ்வரகுக் களி" என்று எழுதினாலே தளை (சீரோடு சீர் சேரும் கட்டு) தட்டிவிடும். நம் பக்கம் பேசுகிறபடி "ராகிக் களி" என்று எழுதுங்கள். "ராகிக்" தேமா, மாச்சீருக்குப் பின் நிரை வரலாம், சரியாக அமர்ந்துவிடும். பேச்சுச் சொல் இங்கே இலக்கணத்துக்கும் உதவுகிறது.

மாதிரிக்கு ஒரு குறள்வெண்பா:

சட்டிக் களியைநீர் தொட்ட விரல்தீண்ட
ஒட்டாமல் வந்தால் பதம்.

தளை சரி, எதுகை சரி, ஈற்றுச் சீர் "பதம்" வெண்பாவுக்குரிய "மலர்" என்ற வாய்பாட்டில் முடிகிறது. ஆனால் இது என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு பக்குவக் குறிப்பு. வெண்பா இறுகிய வடிவம், ஒரு விதியையோ அளவையோ சொல்லப் பிரமாதமாகப் பொருந்தும். ஒரு இரவை, காத்திருப்பை, யார் யாருக்கு எத்தனை உருண்டை என்பதை விரித்துச் சொல்ல அதில் இடம் போதாது. தளைக்காக "களியைநீர்" என்று ஒட்டவேண்டி வந்ததையும் கவனியுங்கள், வாயால் சொல்லும்போது அங்கே இடறுகிறது. நினைவுக் கவிதைக்கு ஆசிரியப்பாவின் அகவலோசைதான் தோதானது. அடிக்கு நான்கு சீர், தளைக் கட்டுப்பாடு தளர்வு, பேசுவது போலவே நடக்கும். நேரிசை ஆசிரியப்பாவாக வேண்டுமென்றால் ஈற்றுக்கு முந்தைய அடியை மூன்று சீராக்கி, ஏகாரத்தில் முடியுங்கள். அவ்வளவு கட்டுப்பாடும் வேண்டாமென்றால் அகவலின் நடையை மட்டும் காதில் வைத்துக்கொண்டு புதுக்கவிதையாக எழுதலாம். உங்கள் பொருளுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதுதான்.

சாப்பாட்டை நினைத்து அழுவதற்கு நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) மண்ணிலேயே மூத்த முன்மாதிரி உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூறு 235. "சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டு மகிழ்ந்து தானும் குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பல கலங்களில் பகிர்ந்தே உண்பான். எலும்போடு கறி உள்ள இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் நிற்பான். இந்த வரிகளில் கள் இனித்தது, சோறு மணத்தது என்று எங்கேயும் இல்லை. எவ்வளவு இருந்தது, யாருக்குப் போனது, இவ்வளவுதான். பங்கிட்ட முறையைச் சொல்லியே ஆளைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். மலர், உங்கள் வரைவில் அம்மா இருக்கிறார், ஆனால் அவர் எதையும் யாருக்கும் போடவில்லை. எத்தனை உருண்டை, முதல் உருண்டை யாருக்கு, கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சியது? அதை எழுதினால் "அன்பில் குழைத்த" தேவையே இல்லை.

வரி முறிப்பு பற்றியும் ஒன்று. நீங்கள் மூச்சு நிற்கும் இடத்தில் முறித்திருக்கிறீர்கள், எல்லா வரியும் ஒரே நீளத்தில் விழுகிறது. வேலையின் தாளத்தில் முறியுங்கள். உலக்கை குத்தும்போது பாடும் வள்ளைப்பாட்டு இப்படித்தான் பிறந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தும்போது ஓசை ஒன்றுக்கொன்று பதிலாக விழும். சித்தேரிப் பக்கம் சாமை குத்துவதை எழுதினால் வரியும் அப்படி இரண்டிரண்டாக, குறுகலாக வரலாம். களி அப்படி இல்லை. துடுப்பு சுற்றுவது கனமான, நீண்ட வேலை, கடைசியில் மாவு இறுக இறுகச் சுற்று மெதுவாகும். வரியும் நீளத்தில் தொடங்கிப் போகப் போகக் குறையலாம். எழுதிய பிறகு கையால் துடுப்புச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரியில் தேவையில்லாத சொல் இருக்கிறது.

---

தளி_ராகி:

மலரக்கா, பேச்சு வழக்கு எவ்ளோ கலக்கலாம்னு கேட்டீங்க. என் கருத்து: சொல்ற குரல் எழுத்து நடையில இருக்கட்டும், ஆளுங்க பேசுற வரி மட்டும் பேச்சா இருக்கட்டும். முழுக்கப் பேச்சுல எழுதினா படிக்கிறவங்க எழுத்துக் கூட்டியே களைச்சிப் போவாங்க. முழுக்க எழுத்து நடையில எழுதினா ஆயா செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிடும்.

பொருளோட பேரு மட்டும் வீட்டுல சொன்னதே இருக்கணும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ஒரே தெருவுல ஒரு வீட்டுல களி, அடுத்த வீட்டுல சங்கடி, அதுக்கடுத்த வீட்டுல முத்தே. உருட்டிப் போடுறவங்க ஒரு வீட்டுல ஆயா, ஒரு வீட்டுல அவ்வா, இன்னொரு வீட்டுல அஜ்ஜி. உங்க வீட்டுல எதுவோ அதைப் போடுங்க, அடிக்குறிப்பு போடாதீங்க. குழம்புல புரட்டி விழுங்குறாங்கன்னு அடுத்த வரியில வந்துட்டா அது என்னன்னு யாருக்கும் புரிஞ்சிடும். அடிக்குறிப்பு வந்தா படிக்கிறவங்க கண்ணு கீழ போயிட்டு மேல வரும்போது தாளம் அறுந்து போயிடும்.

அடுத்தது, சரக்கு சேக்குறது. நம்ம நினைவுல பாதிதான் இருக்கும், மீதி பெரியவங்ககிட்ட இருக்கு. ஆனா கேக்குற விதத்துலதான் எல்லாம் கெட்டுப் போவுது. "அந்தக் காலத்துல சாப்பாடு எப்படி இருக்கும்"னு கேட்டா "நல்லா இருக்கும், இப்ப எங்க"ன்னு முடிச்சிடுவாங்க. அது கவிதைக்கு உதவாது. சின்னச் சின்னதா கேளுங்க. பானையை யாரு புடிச்சிக்குவாங்க? துடுப்பு எந்த மரத்துல? எத்தனை ஆழாக்கு மாவு, எத்தனை பேருக்கு? விருந்தாளி திடீர்னு வந்தா யாரோட உருண்டை சின்னதாவும்? விளக்கு எங்க இருக்கும்? குழம்பு பத்தலன்னா என்ன தொட்டுக்குவீங்க? முடிஞ்சா அந்தத் துடுப்பையோ படியையோ கையில குடுத்துட்டுக் கேளுங்க. கை பட்டதும் வாய் தானா பேசும். போன்ல பதிவு பண்ணுங்க. அவங்க சொன்ன வரிசையிலயே எழுதிக்குங்க, நீங்க அழகுபடுத்தாதீங்க. அவங்க தடுமாறி நிக்கிற இடம், "அது வேணாம் விடு"ன்னு சொல்ற இடம், அதையும் குறிச்சிக்குங்க. அவங்க விருப்பம் இல்லாம அதை எழுதக் கூடாது, ஆனா கவிதை எந்தப் பக்கம் போவணும்னு அது காட்டிடும்.

இன்னொன்னு, ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறேன். நம்ம பக்கம் மானாவாரி பூமி. களி தினப்படி சாப்பாடு, நெல்லுச்சோறு பண்டிகைக்கு. அப்ப பல பிள்ளைங்களுக்குக் களி மேல ஆசை கெடயாது, சோத்து மேலதான் ஆசை. இப்ப களி ஓட்டல் மெனுவுல வந்ததும் எல்லாரும் அதை அமுதம்னு எழுதுறாங்க. அன்னைக்கு அந்தப் பிள்ளை நெசமா என்ன நெனச்சுதோ அதை எழுதுங்க. "இன்னைக்கும் களிதானா"ன்னு கேட்டிருந்தா அதான் கவிதையோட மொத வரி. பசியை அழகாக்கவும் வேணாம், அழுகையாக்கவும் வேணாம். யாருக்குத் தட்டு, யாருக்குக் கொட்டாங்குச்சி, யாருக்கு வீட்டுக்குள்ள, யாருக்கு வாசலுக்கு வெளிய, கூழை யாரு எவ்ளோ உசரத்துலருந்து ஊத்துனாங்க, இதெல்லாமும் சாப்பாட்டு நினைவுதான். அதைத் தெரிஞ்சே விட்டுட்டு மண்பானை மணத்தை மட்டும் எழுதுறது முழு நேர்மை ஆகாது.

காலக் கணக்கும் பாத்துக்குங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவுன்னு எழுதினா கதை 1982 ஜூலைக்குப் பின்னாடி நடக்கணும், அதுக்கு முன்னாடின்னா மதிய உணவு. 80கள்ல நடக்குற கவிதையில "கிருஷ்ணகிரி மாவட்டம்"னு வரக்கூடாது, 2004 பிப்ரவரியிலதான் தர்மபுரியிலருந்து பிரிஞ்சிது. ரேஷன்ல விலையில்லா அரிசி 2011 ஜூன்லருந்து. சின்ன விஷயம்தான், ஆனா தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுல பட்டா மீதிக் கவிதையை அவர் நம்ப மாட்டார்.

---

பாலக்கோடு_மலர்:

எல்லாருக்கும் நன்றி. மாங்காய், புளி, பிதுக்கம்பருப்பு மூன்றையும் தனித்தனியாக எடுத்துவைத்துவிட்டேன். களி மட்டும் இப்போது இப்படி:

"இன்னைக்கும் களிதானா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
நொய் குழைந்ததும் மாவைக் குவித்து
நடுவில் துடுப்பால் குத்தி மூடினாள்.
"கை வைக்காதே. ஆவி வரட்டும்."
தம்பி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

பானை தரைக்கு வந்தது.
இரு கட்டைகளுக்கு நடுவே அதன் கழுத்து, கட்டைமேல் அவள் கால்.
துடுப்பு சுற்றச் சுற்ற வளையலும் சுற்றியது.
மாவு இறுகியது.
வளையல் நின்றது.

முதல் உருண்டை அப்பாவுக்கு.
அடுத்தது ஏர் பிடித்து வந்த அண்ணனுக்கு.
தம்பியை எழுப்பி ஒன்று.
எனக்கு ஒன்று, கொஞ்சம் சிறியது.
பானையில் ஒட்டியதில் தண்ணீர் ஊற்றி மூடினாள்.
காலையில் அதுதான்
அவளுக்குக் கூழ்.

18 வரி. இன்னும் 6 வரி இடம் இருக்கிறது. குழம்பைப் பற்றி எதுவும் வரவில்லை, சேர்க்கவா?

---

தென்பெண்ணைக்கரை:

சேர்க்க வேண்டாம். 24 என்பது உச்ச வரம்பு, அதை நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை. குழம்பு வந்தால் பங்கிடுகிற ஓட்டம் தடைபடும்.

"யாரும் பதில் சொல்லவில்லை" மாந்தோப்பு எழுதிய மாதிரியில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். கேள்விக்கு அடுத்து நேராக நொய்க்குப் போனாலே பதில் இல்லை என்பது தெரிந்துவிடும். "எனக்கு ஒன்று, கொஞ்சம் சிறியது" என்ற வரியில் சிறிது நில்லுங்கள். "கொஞ்சம் சிறியது" என்றால் குறை சொல்வது போல ஆகிறது. பெண் பிள்ளை என்பதால் சிறியதா, வயதில் இளையவள் என்பதால் சிறியதா என்பது வரியிலேயே தெரிய வேண்டும். தம்பி உருண்டையையும் உங்கள் உருண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: "தம்பியை எழுப்பி ஒன்று. எனக்கு அதைவிடச் சிறிது." இப்போது படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஒரு பொருள் பிழையும் இருக்கிறது. கடைசிச் சொல் "கூழ்" என்று வரக்கூடாது. கூழுக்கு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, அதன்பின் மோரோ தண்ணீரோ விட்டுக் கரைப்பார்கள். பானையில் ஒட்டிய களியில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் கிடைப்பது கரைத்த களி. வீட்டில் அதை என்ன சொல்லி அழைத்தார்களோ அதைப் போடுங்கள். பெயர் நினைவில் இல்லை என்றால் "காலையில் அதைக் கரைத்து உப்புப் போட்டுக்கொள்வாள்" என்று வேலையாகவே எழுதிவிடலாம்.

---

அரூர்_வாசகர்:

வினை முற்றுகளைக் கவனியுங்கள். "மூடினாள், வந்தது, நின்றது" என்று எல்லாம் ஒரே இரவில் நடந்ததாக இறந்தகாலத்தில் வருகின்றன. "கரைத்து உப்புப் போட்டுக்கொள்வாள்" என்று கடைசியில் மட்டும் மாற்றினால் அது தினமும் நடப்பது என்ற பொருள் தரும். தெரிந்தே செய்தால் நல்ல மாற்றம்: ஒரு இரவைச் சொல்லி, எல்லாக் காலையையும் சொன்னதாக ஆகும். ஆனால் அந்த ஒரு வரியைத் தவிர வேறெங்கும் "-வாள்", "-வான்" வரக்கூடாது. வந்தால் எது அன்று நடந்தது, எது வழக்கம் என்று குழம்பிவிடும்.

"அடுத்தது ஏர் பிடித்து வந்த அண்ணனுக்கு" என்பதில் "வந்த" தேவையில்லை. "ஏர் பிடித்த அண்ணனுக்கு" போதும், துடுப்பைச் சுற்றிக்கொண்டு படித்தால் கை அங்கேதான் நிற்கிறது.